ஸ்கேன் நார்மல், ஆனால் வலி போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் அறையில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ மூன்றும் எடுப்பேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜி டாக்டர். படம் எடுத்துக் கொடுப்பது என் போன்றவர்கள். நகையைக் கழற்றி வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் கேட்பவையும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்பவையும்தான் இந்தக் கேள்விகள். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன சொல்வது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தால் நோயே இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. அந்த மெஷினில், அந்த முறையில், அன்றைக்கு எடுத்த படத்தில், தேடிய விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல செய்திதான். நூறு தலைவலியில் தொண்ணூறுக்கு மேல் ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் சில நோய்கள் சாதாரணப் படத்தில் ஒளிந்துகொள்ளும். அவற்றைத் தேடிப் போனால்தான் கிடைக்கும். தேடச் சொல்வது டாக்டர் எழுதும் சீட்டு. அதனால்தான் கீழே பல பதில்களில் அந்தச் சீட்டைப் பற்றியே பேசுகிறேன்.

எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட்: இதில் எது உசத்தி?

உசத்தி, மட்டம் என்று எதுவும் கிடையாது. எக்ஸ்ரே நிழல் படம். எலும்பும் காற்றும் நன்றாகத் தெரியும், ஒன்றன் பின்னால் ஒன்று மறைந்துகொள்ளும். சிடியும் எக்ஸ்ரேதான், ஆனால் சுற்றிச் சுற்றி எடுத்து உடம்பைத் துண்டு துண்டாக அறுத்துக் காட்டும். 1971-ல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய இன்ஜினியர் செய்த மெஷினில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். அதுவரை உயிருள்ள மனிதரின் மண்டைக்குள் மூளையை நேராகப் பார்க்க வழியே இருந்ததில்லை. புதிதாகக் கசிந்த ரத்தத்தைப் பிடிக்க இன்றைக்கும் சிடிக்கு நிகர் இல்லை. எம்ஆர்ஐ-யில் கதிர் கிடையாது, காந்தம்தான். நரம்பு, தசை, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, வீக்கம் இதெல்லாம் அதில்தான் தெளியும். அல்ட்ராசவுண்டில் எடுப்பவரின் கைதான் பாதி மெஷின்.

‘பெரிய ஸ்கேனா எடுத்துடுங்க சார்’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்டே போதும்.

கீழே விழுந்து கையை ஊன்றினேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். இரண்டு வாரமாகியும் மணிக்கட்டு வலிக்கிறது. என்ன செய்வது?

மறுபடி போய்க் காட்டுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தயங்காமல் இப்படிச் சொல்வேன்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அதில் கட்டைவிரல் பக்கம் இருப்பது ஸ்கேஃபாய்டு, முந்திரிப்பருப்பு போன்ற வளைந்த உருவம். பைக்கிலிருந்து விழும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றினால் முறிவது பெரும்பாலும் இதுதான். முறிவு மயிரிழை அளவு இருந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பத்துப் பதினைந்து சதவீதம் பேருக்காவது அப்படித் தெரியாமல் போகிறது. எலும்பு வளைந்திருப்பதால் ஒரு கோணத்தில் எடுத்தால் கோடு மறைந்துவிடும். அதற்கென்றே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து எடுக்கும் தனிப் படம் இருக்கிறது. சீட்டில் ‘கை எக்ஸ்ரே’ என்று மட்டும் இருந்தால் அந்தப் படத்தை யாரும் எடுக்க மாட்டார்கள்.

நீங்களே ஒன்று பார்க்கலாம். கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டுங்கள். விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, இரண்டு தசைநாண் கயிறுகளுக்கு நடுவில் ஒரு குழி விழும். பழைய ஆட்கள் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய இடம். டாக்டர்களும் அதை மூக்குப்பொடிக் குழி என்றே சொல்வார்கள். அந்தக் குழியில் விரலை வைத்து அழுத்தும்போது சுருக்கென்று வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு மாவுக்கட்டு போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பதுதான் பழக்கம். அதற்குள் முறிந்த விளிம்பு கொஞ்சம் கரைந்து கோடு அகலமாகத் தெரியத் தொடங்கும். எம்ஆர்ஐ எடுத்தால் முதல் இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சின்ன எலும்புக்கு ஏன் இவ்வளவு பாடு? இதற்கு ரத்தம் விரல் பக்கமிருந்து நுழைந்து, திரும்பி முழங்கை பக்கம் ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு ரத்தம் நின்றுபோகும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பாதி செத்துப்போய், சில வருடங்களில் மணிக்கட்டே தேய்ந்துவிடும். முறிந்தவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயது ஆண்கள். கையை வைத்துப் பிழைப்பவர்கள். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிட்டு, எட்டு மாதம் கழித்து வந்த ஒரு கொத்தனார் தம்பிக்குப் படம் எடுத்தேன். கரண்டியைப் பிடிக்க முடியவில்லை என்றான். எலும்பு இரண்டு துண்டாக, நடுவில் இடைவெளியோடு இருந்தது. அது சேர அறுவை சிகிச்சையே தேவைப்பட்டது.

அப்பாவுக்குக் கரண்ட் அடித்தது. அதிலிருந்து தோளைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள்.

பக்கவாட்டுப் படம் எடுத்தார்களா என்று கேளுங்கள். தோள் கழன்றால் பொதுவாக முன்பக்கம்தான் கழலும், அது யாருக்கும் தெரியும். ஆனால் மின்சாரம் தாக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தோளைச் சுற்றியுள்ள தசையெல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கும். உள்பக்கம் திருப்பும் தசைகளுக்குப் பலம் அதிகம். அவை இழுக்கும் வேகத்தில் எலும்பின் பந்து பின்பக்கமாக நழுவிவிடும். நேராக நின்று எடுத்த படத்தில் பந்து குழிக்கு நேரே இருப்பது போலவே தெரியும், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு முதலில் தவறிப்போகிறது என்று எலும்பு டாக்டர்கள் சொல்வார்கள். படத்தில் பந்தின் உருவம் குண்டு பல்பு போல உருண்டையாக இருக்கும், அதுதான் துப்பு. அக்குளிலிருந்து மேல்நோக்கி எடுக்கும் படத்தில் சந்தேகமே இருக்காது. ‘கரண்ட் ஷாக்’ என்று இரண்டு சொல் சீட்டில் இருந்தால் நாங்களே அந்தப் படத்தைச் சேர்த்து எடுத்துவிடுவோம்.

பிரசவமாகிப் பத்து நாள்தான் ஆகிறது. விடாத தலைவலி. சிடி எடுத்தோம், நார்மல். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் அந்த ஒரு சிடியோடு நிறுத்தவும் வேண்டாம். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இதில் என் பங்கும் இருக்கிறது.

மூளையிலிருந்து கெட்ட ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய சிரைகள் மண்டையோட்டை ஒட்டி ஓடுகின்றன. சில சமயம் அவற்றில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். சாதாரணப் பக்கவாதம் மூளைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் வருவது; இது சிரையில் வருவது. மொத்தப் பக்கவாதத்தில் நூற்றில் ஒன்று இருக்கலாம். வருவது பெரும்பாலும் இளவயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு. கர்ப்பத்திலும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரையும் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். கருத்தடை மாத்திரையும் உறைவைக் கூட்டும். உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து இன்னும் ஏறும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பத்தியம் உண்டு. இந்திய நரம்பியல் டாக்டர்கள் அந்தப் பழக்கத்தை இந்த நோயோடு சேர்த்துப் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள். குழந்தை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். பால் கொடுக்கிற உடம்பு அது.

சில வருடங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் ஒரு பெண்ணைச் சிடிக்கு அழைத்து வந்தார்கள். சீட்டில் ‘தலைவலி’ என்று ஒரே சொல். நான்தான் எடுத்தேன். ரத்தக்குழாயைப் பளிச்சென்று காட்டும் மருந்தை ஊசியில் ஏற்றாத சாதா சிடி, நார்மல் என்று ரிப்போர்ட் போனது. சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால் வந்த தலைவலியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் குழந்தை பெற்றவள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி அதே பெண், இந்த முறை ஸ்ட்ரெச்சரில். கூட வந்த அம்மா புடவைத் தலைப்பில் பேத்தியைச் சுற்றி வைத்திருந்தார். புதுச் சீட்டில் இப்படி இருந்தது: ‘சிசேரியன் ஆகி 12 நாள், ஒரு வாரமாகத் தலைவலி, வாந்தி, இன்று வலிப்பு. சிரை அடைப்பா? வெனோகிராம் எடுக்கவும்.’ எம்ஆர்ஐ-யில் வழக்கமான படங்களோடு சிரைகளை மட்டும் காட்டும் வெனோகிராமையும் சேர்த்தோம். கூடுதலாகச் சில நிமிடம்தான். உச்சந்தலையில் முன்னிருந்து பின்னாக ஓடும் பெரிய சிரை திரையில் ஒரு வெள்ளைக் கோடாக வர வேண்டும். பாதி வழியில் அந்தக் கோடு அறுந்துபோயிருந்தது.

ரத்தம் இளக்கும் மருந்தை அன்று இரவே தொடங்கினார்கள். பிழைத்துக்கொண்டாள். இப்போதும் கண்ணை மூடினால் எனக்கு அந்த இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். அன்றிலிருந்து தலைவலி என்று வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் ‘பிரசவம் ஆகி எத்தனை நாள்? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டு, பதிலைச் சீட்டின் ஓரத்தில் எழுதி டாக்டருக்கு அனுப்புகிறேன்.

சாதா சிடியில் இந்த அடைப்பின் நேரடி அடையாளம் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு நார்மலாகவோ, லேசான வீக்கமாகவோ வரும். மருந்து ஏற்றிச் சிரைகளுக்காகவே எடுக்கும் சிடி வெனோகிராமோ எம்ஆர் வெனோகிராமோ வேண்டும். அதைப் படிப்பதற்கும் அனுபவம் தேவை; பலருக்குப் பிறவியிலேயே இடது பக்கச் சிரை சின்னதாக இருக்கும், அதை அடைப்பு என்று தவறாகச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு. நேரத்தோடு கண்டுபிடித்தால் நல்லபடியாக மீளக்கூடிய நோய் இது. 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியான ஆய்வில், ஐந்தில் நான்கு பேர் பெரிய குறை ஏதுமின்றித் தேறியிருந்தார்கள்.

எழுந்து நின்றால் தலை வெடிக்கிறது, படுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடுகிறது. ஒற்றைத் தலைவலியா?

நின்றால் வருவது, படுத்தால் போவது: இந்த வார்த்தைகளை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ‘தலைவலி’ என்று சுருக்கிவிடாதீர்கள். மூளையும் தண்டுவடமும் மிதக்கும் நீர் பெரியவர்களுக்கு மொத்தமே 150 மில்லி அளவுதான். முதுகுத்தண்டின் உறையில் எங்காவது சின்ன ஓட்டை விழுந்து அது கசிந்தால், நிற்கும்போது மூளை கொஞ்சம் கீழே தொய்யும். ஜெர்மானிய டாக்டர் ஷால்டன்பிராண்ட் இதை 1938-லேயே விவரித்துவிட்டார், ஆனால் எம்ஆர்ஐ வந்த பிறகுதான் கண்ணால் பார்க்க முடிந்தது. மருந்து ஏற்றி எடுத்தால் மூளையைச் சுற்றியுள்ள உறை தடித்து, பளிச்சென்று ஒளிரும். மருந்து ஏற்றாமல் எடுத்தால் தவறிப்போகலாம். ஐந்தில் ஒருவருக்கு மருந்து ஏற்றினாலும் தலை ஸ்கேன் நார்மலாக வரும். அப்போது முதுகுத்தண்டில்தான் தேட வேண்டும். மூளை கீழே இறங்கியிருப்பதைப் பார்த்துப் பிறவிக் குறை என்று நினைத்து ஆபரேஷன் வரை போனவர்களும் உண்டு. தேவைப்பட்டது என்னவோ, நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் ஊசியாகப் போட்டு ஓட்டையை அடைப்பதுதான். பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது.

முதுகுவலி மூன்று மாதமாக. எக்ஸ்ரேயில் தேய்மானம் என்றார்கள். மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை.

நாற்பது தாண்டினால் யார் முதுகை எடுத்தாலும் தேய்மானம் தெரியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நோய்களில் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். உலகக் காசநோயாளிகளில் கால்வாசிப் பேர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை. சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுவது, ராத்திரி வியர்ப்பது, எடை குறைவது, படுத்தாலும் தீராத வலி, முதுகுத்தண்டில் ஓரிடத்தைத் தட்டினால் துள்ளுவது: இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாமல் வெறும் வலியாகவும் இருக்கலாம். இருமல் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் கருமை தெரியும். அதற்குள் மாதக்கணக்காகிவிடும். எம்ஆர்ஐ எலும்புக்குள் நீர் கோத்துக்கொள்வதையே காட்டிவிடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்புகள், நடுவில் இருக்கும் வட்டு, ஓரத்தில் சீழ்க்கட்டி என்று பார்த்தவுடனே சந்தேகம் வரும். ஒரு விஷயம் கவனியுங்கள்: வலி நடுமுதுகில் இருந்து, சீட்டில் வழக்கம் போல ‘இடுப்பு முதுகு எம்ஆர்ஐ’ என்று எழுதிவிட்டால், நோய் இருக்கும் எலும்பு படத்திலேயே வராது. வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள். முழு முதுகுத்தண்டையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, இரண்டு இடத்தில் விட்டுவிட்டு வருவதும் உண்டு.

படம் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துக் கிருமியைச் சோதித்த பிறகே மருந்தை முடிவு செய்ய வேண்டும்; வேறு கிருமியும் புற்றுநோயும்கூட இதே போலத் தெரியலாம். காசநோய்தான் என்று உறுதியானால் மனம் தளர வேண்டியதில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் முதுகெலும்புக் காசநோயிலும் நீண்ட ஆய்வுகள் செய்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமல் மாத்திரையிலேயே குணமாகும் என்று அவை காட்டின. கூன் விழுவதற்கும் கால் மரத்துப்போவதற்கும் முன்னால் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம்.

பையனுக்கு வலிப்பு வந்தது. ஸ்கேனில் சின்ன வளையம் தெரிகிறது. ஒருவர் டிபி கட்டி என்கிறார், ஒருவர் புழு என்கிறார். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-களில் சிடி பரவலான பிறகு, வலிப்போடு வரும் இளம் வயதினரின் மூளையில் இப்படிச் சின்ன வளையங்கள் நிறையத் தெரிந்தன. எல்லாவற்றையும் டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வளையம் மறையும், மாத்திரை வேலை செய்தது என்பார்கள். வேலூர் சிஎம்சி-யில் டாக்டர் ராஜசேகர், டாக்டர் சாண்டி முதலானோர் அந்தச் சின்னக் கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் செத்துக்கொண்டிருக்கும் கட்டிகள் என்று தெரிந்தது. பல கட்டிகள் டிபி மருந்து இல்லாமலே தானாகச் சுருங்கிப் போயின. அவர்கள் சொன்ன அளவுகோலை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்: கட்டி ஒன்றே ஒன்று, 20 மில்லிமீட்டருக்குள், மூளையை ஒரு பக்கமாகத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லை, வலிப்பைத் தவிரக் கை கால் பலவீனம் போன்ற வளரும் குறை இல்லை என்றால் புழுக்கட்டியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வளையத்துக்குள் புள்ளி வைத்தது போலப் புழுவின் தலை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த எம்ஆர்ஐ உதவும்.

அப்புறம், இது பன்றியிறைச்சியில் வரும் நாடாப்புழு என்று கேள்விப்பட்டு, ‘நாங்கள் பன்றிக்கறி சாப்பிடுவதே இல்லையே’ என்று கேட்பார்கள். மூளைக்கு வருவது முட்டையிலிருந்து. நாடாப்புழு உள்ளவரின் கையிலிருந்தோ, மலம் கலந்த தண்ணீர், காய்கறியிலிருந்தோ அந்த முட்டை யார் வயிற்றுக்கும் போகலாம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் வரும்.

எக்ஸ்ரே போன்ற பழைய மெஷினால் இப்போது என்ன பயன்?

நிறைய. இருபது வயதில் சர்க்கரை, குச்சி போல உடம்பு, சின்ன வயதிலிருந்தே விட்டு விட்டு வயிற்றுவலி என்று ஒருவர் வந்தால், ஒரு சாதா வயிற்று எக்ஸ்ரே போதும். கணையம் இருக்கும் இடத்தில் கல் கல்லாக வெள்ளையாகத் தெரியும். கணையத்தில் கல் விழுந்து வரும் சர்க்கரை நோய் நம் தென்னிந்தியாவில், அதிலும் கேரளத்தில், அதிகம் பதிவானது. சர்க்கரை டாக்டர் வயிற்றைப் படம் எடுக்க நினைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும். வயிற்றுவலியைச் சர்க்கரை டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை, சிக்கல் அங்கேதான்.

படம் சரியாக இருந்தும் படிக்கிற டாக்டர் கண்ணில் தவறுமா?

தவறும். திறமைக் குறைவால் மட்டும் நடப்பதில்லை. 2013-ல் அமெரிக்காவில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நுரையீரல் சிடியில் சின்னக் கட்டிகளைத் தேடும்படி 24 ரேடியாலஜி டாக்டர்களிடம் கொடுத்தார்கள். அந்தப் படங்களுக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை, சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரிதாக, ஒட்டி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைப் பார்க்கவில்லை. கண் எங்கே போகிறது என்று அளந்ததில், தவறவிட்டவர்களில் பாதிக்கு மேல் நேராக அதையே பார்த்திருந்தார்கள். கட்டியைத் தேடும் மனம் வேறொன்றை விட்டுவிடுகிறது. ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவதும் உண்டு. விலா எலும்பு முறிவைப் பார்த்த நிம்மதியில் பக்கத்தில் இருக்கும் நுரையீரல் புள்ளி போய்விடும்.

எனவே இன்னொரு ரேடியாலஜி டாக்டரிடம் அதே படத்தைக் காட்டுவது யாரையும் அவமதிப்பது ஆகாது. ரேடியாலஜி டாக்டர்களே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன்.

அதற்கு ஃபிலிம் போதுமா?

போதாது. எம்ஆர்ஐ-யில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சிலதை மட்டும் தபால்தலை அளவில் அச்சிடுவோம். கம்ப்யூட்டர் டிஸ்கிலோ பென்டிரைவிலோ மொத்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான இடங்களில் தருவார்கள். பழைய ஃபிலிம்களையும் தூக்கிப் போட வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய மார்பு எக்ஸ்ரேயில் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், புதிதாக ஒரு சிடியும் ஒரு மாதத் தூக்கமும் மிச்சம். பீரோவுக்கு அடியில் தட்டையாக வையுங்கள். வெயில், ஈரம் ஆகாது.

சீட்டில் சரியாக எழுதியிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வாங்கிப் படியுங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே வலி, எத்தனை நாளாக, எப்படித் தொடங்கியது, டாக்டர் எதைச் சந்தேகிக்கிறார்: இந்த நான்கும் இருந்தால் நல்ல சீட்டு. ‘வலி’ என்று மட்டும் இருந்தால், ‘டாக்டர், எதுக்காகப் பார்க்கறோம்னு எழுதிடுங்களேன்’ என்று பணிவாகக் கேட்கலாம். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஒரு டாக்டர் எத்தனை சீட்டு எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே எங்களிடமும் சொல்லுங்கள். முன்பு நடந்த ஆபரேஷன், புற்றுநோய், காசநோய், விபத்து, சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம். மருந்து ஏற்றும் ஸ்கேன் என்றால் சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி இருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எம்ஆர்ஐ-க்குத் தாலியைக் கழற்றத்தான் வேண்டுமா?

கழற்றுங்கள் அம்மா. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டியிருப்பார்கள், அது இரும்பு. ஒரு முறை புடவை மடிப்புக்குள் மறந்துபோன ஊக்கு காந்தத்தின் வாய்ப்பக்கம் நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். உலோகம் எதுவானாலும் பக்கத்தில் இருக்கும் படத்தைக் கறுப்பாக்கிக் கெடுத்துவிடும். கழுத்து எலும்புப் படத்தில் பாதி போய்விடும். தாயத்து, அரைஞாண் கயிற்றில் உள்ள உலோகம், மெட்டி, ஹேர்பின், காதுகேட்கும் கருவி எல்லாம் வெளியே. மனம் ஒப்பாதவர்களுக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரச் சொல்வோம். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், கண்ணில் எப்போதோ போன இரும்புத்தூள் இருந்தால் உள்ளே வருமுன்பே சொல்ல வேண்டும். பட்டறையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, அசையாமல் இருங்கள். மயிரிழை முறிவும் சின்னப் புழுத் தலையும் அசைவில் முதலில் காணாமல் போகும்.

அடிக்கடி எடுத்தால் கதிர்வீச்சு உடம்பைக் கெடுக்காதா?

கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோ. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அதைவிட அதிகம். தலை சிடி சுமார் 2, வயிற்று சிடி சுமார் 8 முதல் 10. தேவையான சிடிக்குப் பயப்பட வேண்டாம். தேவையில்லாத சிடியைக் கேட்டு வாங்கவும் வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. எம்ஆர்ஐ-யிலும் அல்ட்ராசவுண்டிலும் இந்தக் கணக்கே கிடையாது.

முழு உடம்பையும் ஒரேயடியாக ஸ்கேன் பண்ணிவிட்டால்?

வேண்டாம் என்பேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் எடுத்தால் ஈரலில் நீர்க்கட்டி, சிறுநீரகத்தில் புள்ளி என்று ஒன்றும் செய்யாத விஷயங்கள் நிறையக் கிடைக்கும். அவற்றின் பின்னால் ஓடிக் களைத்துப் போவீர்கள். மூளைச் சிரையடைப்பும் ஸ்கேஃபாய்டு முறிவும் அதில் அகப்படும் என்று எந்த உறுதியும் இல்லை.

கம்ப்யூட்டரே படம் படிக்கிறதாமே?

சில வேலைகளில் உண்மைதான். காசநோய்க்கான மார்பு எக்ஸ்ரேயை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் படித்துச் சலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. டாக்டர் இல்லாத ஊருக்கு அது பெரிய உதவி. ஆனால் அரிதான நோயைப் படித்துப் பழக அந்த மென்பொருளுக்கும் போதுமான படங்கள் கிடைப்பதில்லை. பிரசவமாகிப் பன்னிரண்டு நாள் என்பதை அதற்கும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

சில நொடியில் உச்சத்துக்குப் போன, வாழ்க்கையில் இதுவரை வராத தலைவலி. தலைவலியோடு வலிப்பு, பார்வை மங்கல், மயக்கம், அல்லது கர்ப்பம், பிரசவம். முதுகுவலியோடு கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போவது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல் திடீர் வலி. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது. இதற்கெல்லாம் பழைய ரிப்போர்ட் நார்மல் என்பது கணக்கிலேயே வராது. நேற்று எடுத்ததாக இருந்தாலும் சரி. பகலா ராத்திரியா பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் சிடி ராத்திரியும் ஓடும். கிளம்பும்போது கூட வருபவர் கையில் பழைய ஃபிலிம் பையையும் மாத்திரை அட்டைகளையும் கொடுத்துவிடுங்கள்.